ஆண்டறிக்கை: ஞாயிறு நடைகளும் சாந்தா கிராசிப் பயணமும்

தலைவர் அவர்களுக்கும், நிர்வாக சபையினருக்கும், சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நிர்வாக சபைக் கூட்டங்கள் குறித்தபடி நடைபெற்றன. பாரிசைச் சுற்றியுள்ள காடுகளில் ஞாயிறு நடைகள் குளிர்காலத்திலும் தடைப்படவில்லை. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். எனவே இவ்வறிக்கையின் பெரும்பகுதியை ஜூன் மாதம் பிரெனே மலைக்குச் சென்றுவந்த பயணத்துக்கே ஒதுக்குகிறேன். அடுத்த ஆண்டு குறித்து இச்சபை எடுக்கவேண்டிய முடிவும் அதைப் பொறுத்ததே.

நாம் சென்ற ஊர், பிரான்சில் பாஸ்க் மக்கள் வாழும், பாஸ்க் நாடு எனப்படும் வட்டாரத்தில், சூல் பகுதியின் கடைக்கோடியில், ஸ்பெயின் எல்லையை ஒட்டி இருக்கிறது. வரைபடத்தில் சாந்த் ஆங்கிராஸ் என்றும், ஊரவர் வாயில் சாந்தா கிராசி என்றும் வழங்கும். ஏறக்குறைய இருநூறு பேர் வாழும் இடம். நடுவில் கூடிய கடைத்தெரு என்று எதுவும் கிடையாது. பண்ணை வீடுகள் பள்ளத்தாக்கு முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. போ நகர் வரை அதிவேக ரயிலிலும், அங்கிருந்து வாடகை வான் வண்டியிலும் போனோம்.

காக்குவெத்தா மலையிடுக்குதான் எல்லோரும் முதலில் கேட்ட இடம். 1906இல் குகை ஆய்வாளர் எதுவார் அல்பிரட் மார்தெல் இதை ஆராய்ந்தார். இருபுறமும் சுண்ணாம்புப் பாறைச் சுவர்கள் நூற்றுக்கணக்கான மீட்டர் எழும்ப, அடியில் ஆற்றை ஒட்டி மரப்பலகைப் பாதை போகிறது. வெயில் உள்ளே நுழைவது அரிது. பாசியும் பன்னமும் சுவரெங்கும் தழைத்திருக்க, பாறையின் நடுவிலிருந்து ஓர் அருவி நேராகக் கொட்டுகிறது. மேலே ஓடை எதுவும் தெரியாது. சுண்ணாம்பு மலை மழைநீரை உள்ளே வாங்கி, தான் விரும்பிய இடத்தில் வெளியே விடுகிறது. மலையின் இந்தக் குணம் தெரிந்தால்தான் இவ்வூரின் மற்ற அதிசயங்களும் விளங்கும்.

லா வெர்னா குகைக்கூடம் அதற்குச் சான்று. 1950இல் மேலே குகை ஆய்வாளர் லெப்பினோ கண்ட ஆழ்குழி வழியாக இறங்கியவர்கள், 1953இல் இந்தக் கூடத்தை அடைந்தார்கள். இடையில், 1952இல், மார்செல் லூபன்ஸ் என்ற ஆய்வாளர் இழுகயிற்றின் பிடி விட்டுப்போனதால் விழுந்து உயிரிழந்தார். அவர் உடலை மேலே கொண்டுவர இரண்டு ஆண்டுகள் ஆயின. பின்னர் மின்சாரத் துறை நிலத்தடி ஆற்றுக்காகத் தோண்டிய சுரங்கம்தான் இன்று பார்வையாளர்கள் நுழையும் வழி. கூடத்தின் உயரம் 190 மீட்டருக்கும் மேல், அகலம் ஏறத்தாழ 250 மீட்டர். வழிகாட்டி விளக்கைக் கூரைப் பக்கம் திருப்பியபோது ஒளி பாதியிலேயே கரைந்தது. கீழே ஆற்றின் இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ஜூன் மாதத்திலும் தடித்த சட்டை வேண்டும் என்பதை வரவிருப்போர் குறித்துக்கொள்ளவும்.

ஊரைச் சேர்ந்த செந்தா குறிச்சியில், இடைக்கால ரோமனெஸ்க் பாணியில் கட்டிய தேவாலயத்தின் தூண் தலைகளில் வண்ணம் தீட்டிய சிற்பங்கள் உண்டு. அவற்றுள் ஒரு யானையும் இருக்கிறது. முற்றத்துக் கல்லறைகளில் வட்டத் தலைக் கற்கள் நிற்கின்றன. அங்கு மழைக்கு ஒதுங்கியதால் அவசரமின்றிப் பார்க்க முடிந்தது.

ஆனால் என் மனதில் முதலிடம் பெறுவது இடையர்களின் மலைக்குடில். மே மாதத்தில் செம்மறி ஆடுகள் உயர மேய்ச்சல் நிலத்துக்கு ஏறுகின்றன. பல வீட்டார் ஒரே குடிலில் கூட்டாக மந்தை வைத்து, முறை வைத்துப் பால் கறந்து பாற்கட்டி செய்வது இங்கே பழைய வழக்கம். தேவாலயத்தில் மந்திரித்த ரொட்டியை வீட்டுக்கு வீடு, முதல் அண்டை வீட்டாருக்கு, ஒரே திசையில் சுற்றிக் கொடுத்துவந்த முறையும் இவ்வூரில் இருந்தது. உழைப்பையும் உணவையும் முறைபோட்டுப் பகிர்ந்த ஊர் இது.

நாம் நின்று பார்த்த குடிலில் இடையர் பெரிய செப்புக் கொப்பரையில் தயிர்போல் உறைந்த பாலைக் கலக்கிச் சூடேற்றினார். பிறகு இரு கைகளையும் முழங்கை வரை உள்ளே விட்டு, அடியில் படிந்த திரளைப் பொறுமையாகத் திரட்டி ஒரே உருண்டையாக எடுத்தார். அச்சில் வைத்து அழுத்தி, நீண்ட ஊசியால் குத்திக் குத்தி உள்ளிருந்த பால் தெளிநீரை வடித்தார். பேச்சு மிகக் குறைவு. குறித்த பகுதியில் செய்ததற்கே அப்பெயர் உண்டு என்ற பாதுகாப்பை 1980 முதல் பெற்ற ஒசோ-இராத்தி பாற்கட்டி இப்படித்தான் தொடங்குகிறது. பெரிய வட்டுகள் குறைந்தது 120 நாள் முதிரவேண்டும்.

இந்தப் புல்வெளிகள் திறந்து கிடப்பதே ஆடுகள் மேய்வதால்தான். மந்தை இறங்கிவிட்டால் சில ஆண்டுகளில் பன்னமும் புதரும் பாதையை மூடிவிடும். நாம் உல்லாசமாக நடக்கும் வழி இன்னொருவரின் வேலைத்தலம் என்பதை உறுப்பினர்கள் உணரவேண்டும் என்று மிகுந்த அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன். மந்தையின் நடுவே படம் எடுக்கப் போன சிலரைப் பெரிய வெள்ளைக் காவல் நாய் குரைத்து நிறுத்தியது. நாய் தன் கடமையைச் செய்தது. அத்தருணத்தில் ஓடாமல், தடியை உயர்த்தாமல், மெல்ல விலகிச் சுற்றிப் போகவேண்டும்.

ஆகவே பின்வருவனவற்றைச் சபையின் முடிவுக்கு வைக்கிறேன். அடுத்த பயணமும் ஜூனிலேயே அமையட்டும். ஆகஸ்டில் வழிகளில் கூட்டம் அதிகம், பால் கறக்கும் காலமும் முடிந்துகொண்டிருக்கும். தங்குவது ஊர் விடுதியில், பாற்கட்டி வாங்குவது ஊரிலேயே, குழு சிறியதாக. சிவப்பு வெள்ளைக் குறியிட்ட ஜி.ஆர். 10 என்ற நெடுநடைப் பாதையில், பக்கத்து ஊரான லாரோ பக்கமிருந்து நடந்து ஊருக்குள் வர முடியும். வழியில் 1920இல் கட்டிய ஒல்சார்த்தே தொங்கு பாலம் இருக்கிறது. உயரத்துக்கு அஞ்சுவோர் முன்கூட்டியே சொன்னால் வேறு வழி ஒழுங்கு செய்யலாம். வழியில் திறந்த படலையைத் திரும்ப மூடுவது கட்டாயம்.

பயண ஏற்பாட்டில் உதவிய உப செயலாளருக்கும், எல்லோருக்கும் சோறு கட்டித் தந்த மகளிர் குழுவினருக்கும், மழையிலும் பின்தங்கியவர்களோடு சேர்ந்து நடந்த இளைஞர்களுக்கும் சபையின் சார்பில் நன்றி. வர விரும்புவோர் பெப்ரவரி இறுதிக்குள் உப செயலாளரிடம் பெயர் கொடுக்கவும். ஊர் விடுதியில் இடம் குறைவு.

செயலாளர்