ஆப்பிள் தோட்டத்திலிருந்து அப்பாவுக்கு

ஹிரோசாகி, ஜப்பான்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். போனில் சொல்ல வேண்டியதைத்தான் எழுதுகிறேன். போன் என்றால் தம்பி நடுவில் புகுந்து பேச்சை மாற்றிவிடுவான். பெங்களூரா மாமரங்களை மொத்தமாக வெட்டிவிட்டு மனை போடலாம் என்கிறானாமே, அம்மா சொன்னாள். போன வருடம் கூழ் ஆலையில் கிடைத்த விலை பறிகூலிக்கே பத்தவில்லை. அவன் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

இங்கே இப்போது இடுப்பளவு பனி. அதன் மேல் நின்றுதான் கிளை கழிக்கிறோம்; மார்ச் வரை இதே வேலை. தோட்டத்துப் பெரியவருக்கு எண்பது வயது இருக்கும். மூன்று கால் ஏணியில் ஏறி, ஒரு கிளையைத் தொட்டுப் பார்த்து, இறங்கி, மரத்தை ஒரு சுற்று சுற்றிவந்து, மறுபடி ஏறித்தான் ரம்பத்தை வைப்பார். அவசரம் என்பதே கிடையாது.

பிஞ்சு பிடித்தால் இன்னொரு கூத்து. கொத்துக்கு நடுவில் இருக்கிற ஒன்றை விட்டுவிட்டு மீதியைக் கிள்ளி எறிய வேண்டும், மரம் முழுக்க, கையால். காற்றில் நாலு பிஞ்சு உதிர்ந்தாலே வயிறு எரிகிற வீட்டில் பிறந்தவனுக்கு அது எப்படி இருக்கும்! அப்புறம் செப்டம்பரில் இருந்து, பழத்தை மறைக்கிற இலையைப் பறிக்க வேண்டும். வெயில் படாத பக்கமும் சிவக்கட்டும் என்று ஒவ்வொரு பழத்தையும் மெல்லத் திருப்பிவிட வேண்டும்.

நம்மூர்க் கடையில் ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறார்களே ஃபூஜி ஆப்பிள், அது பிறந்தது பக்கத்து ஊரான ஃபூஜிசாகியில். அமெரிக்க ரகங்கள் இரண்டை 1939-இல் கலப்புச் செய்தார்கள். முதல் காய் 1951-இல். பெயர் வைத்து வெளியே விட்டது 1962-இல். நடுவில் ஒரு உலகப்போரே வந்து போய்விட்டது. காத்திருந்தார்கள், சரி. ஆனால் நூற்றுக்கணக்கான கன்றுகளை வளர்த்து, தின்று பார்த்து, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் கழித்தும் விட்டார்களே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நம் வீட்டில் பொறுமைக்குப் பஞ்சமில்லை. கழிக்கத்தான் கை வராது.

சுகாரு என்ற ஊரில் 1878-இல் நட்ட ஆப்பிள் மரம் இன்னும் காய்க்கிறது. நம் தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த அதே வருடம்!

இவர்களிடம் எல்லாமே நல்லது என்று சொல்ல மாட்டேன். இடுப்பு ஒடிந்தாலும் வாய் திறப்பதில்லை. அந்தப் பொறுமை எனக்குப் பிடிக்கவில்லை. பெரியவருடைய பிள்ளைகள் டோக்கியோவில் இருக்கிறார்கள். இதை அடுத்து யார் பார்ப்பது என்று யாராவது கேட்டால், பேசாமல் எல்லோருக்கும் டீ ஊற்றுவார். உங்களுக்குக் கூடவே ஒரு பிள்ளை இருக்கிறான், சண்டை போட்டாலும்.

அதனால் இப்படிச் செய்து பாருங்கள். இந்த வருடக் காய் இறங்கியதும், ஓடைப் பக்கம் சரியாகக் காய்க்காத மரங்களை மட்டும் மூன்று நாலு அடி உயரத்தில் வெட்டுங்கள். வேரோடு வேண்டாம். வெட்டின இடத்தில் தளிர் வந்ததும் செந்தூராவோ இமாம்பசந்தோ ஒட்டுக் கட்டலாம். இங்கே பழைய ஆப்பிள் மரத்தில் ரகம் மாற்றுவதும் இதே முறைதான். பழைய வேர் இருப்பதால் புதுக்கன்று மாதிரி அத்தனை வருடம் காத்திருக்க வேண்டியதில்லை. அந்தப் பழம் கூழ் ஆலை வாசலில் நிற்காது, சந்தைக்கு நேராகப் போகும். சந்தூர் நாற்றுப் பண்ணையில் அம்மா ஒட்டுக் கட்டின கை இருக்கும்போது ஆளுக்கு எங்கே போக வேண்டும்?

மீதி மரங்களைத் தொட வேண்டாம். ஒரு வருடம் நன்றாகக் காய்த்து அடுத்த வருடம் ஏமாற்றுவது மாவின் குணம் என்று நீங்கள்தானே சொல்வீர்கள்.

ஓடைப் பக்க மரங்களின் அடித்தண்டுச் சுற்றளவைத் தம்பியையே அளந்து, போட்டோவோடு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். கூலிக்கான பணத்தை அடுத்த மாதம் அவன் கணக்கிலேயே போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் பெரியவன்