‘உஸ்தெத்’ அரபுச் சொல் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

ஸ்பானிய மொழியில் கலந்த அரபுச் சொற்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். சர்க்கரைக்கு ‘அசூகார்’, எண்ணெய்க்கு ‘அசெய்த்தே’, ‘வரை’ என்ற பொருளில் வரும் ‘அஸ்தா’ எல்லாம் அரபு வழி வந்தவைதான். ஆனால் அந்த வரிசையில் ‘உஸ்தெத்’தையும் சேர்த்திருக்கிறார் கட்டுரையாளர். மரியாதையாக ‘நீங்கள்’ என்பதற்கான அந்தச் சொல், ஆசான் என்று பொருள்படும் ‘உஸ்தாத்’திலிருந்து வந்ததாம்! பிஸ்மில்லா கான் பெயருக்கு முன்னால் கேட்டுப் பழகிய நமக்குச் சட்டென்று நம்பத் தோன்றும். ஒலி ஒத்துப்போவதைத் தவிர இதற்கு ஆதாரம் கிடையாது.

‘உஸ்தெத்’ உண்மையில் பிறந்தது ‘வுவெஸ்த்ரா மெர்செத்’ என்ற ஸ்பானியத் தொடரிலிருந்து, அதாவது ‘தங்கள் அருள்’. மெர்செத்துக்குத் தாயான லத்தீன் சொல்லுக்குக் கூலி என்றுதான் முதலில் பொருள். கருணை, தயவு எல்லாம் பின்னால் ஏறியவை. பழைய மரியாதைச் சொல்லான ‘வோஸ்’ யாரையும் அழைக்கும் சொல்லாகி மதிப்பிழந்தபோது, 15-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் காஸ்தில்யாப் பகுதியில் இந்தத் தொடர் பரவியது. 1605-இல் வெளியான ‘டான் கிஹோத்தே’ நாவலில் சாஞ்சோ பான்சா தன் எஜமானரை இப்படித்தான் அழைக்கிறான். தினமும் நூறு தடவை சொல்ல வேண்டிய தொடர் தேயாமல் இருக்குமா? ‘வுவெஸார்செத்’, ‘வொஆர்செத்’, ‘வுஸ்தெத்’ என்று அந்தக் காலத்து எழுத்துகளில் படிப்படியாகக் குறுகி, 17-ஆம் நூற்றாண்டில் ‘உஸ்தெத்’ ஆனது. இடைப்பட்ட வடிவங்கள் இப்படி வரிசையாகக் கிடைப்பது சொல்லாராய்ச்சியில் அபூர்வம்.

எதிரே இருப்பவரிடமே ‘ஐயா எங்கே போகிறார்?’ என்று கேட்பது போல, ‘உஸ்தெத்’துக்குப் படர்க்கை வினைதான் வரும். இதையும் சான்றாகச் சொல்வார்கள். ஆனால் இது மட்டும் போதாது. ‘உஸ்தாத்’ என்று அழைத்திருந்தாலும் படர்க்கை வந்திருக்கலாமே. எனக்கு வலுவாகப் படுவது வேறு. கடிதங்களில் இந்தச் சொல்லை ‘வி’ எழுத்தில் தொடங்கிச் சுருக்கி எழுதும் வழக்கம் இன்றும் உண்டு. ‘உஸ்தாத்’ மூலமென்றால் அந்த ‘வி’ எங்கிருந்து வந்தது? அப்புறம், பக்கத்து மொழிகளையும் பார்க்கலாம். போர்ச்சுகீசியத்தில் ‘வொஸ்ஸா மெர்சே’ தேய்ந்து ‘வொசே’ ஆகியிருக்கிறது. கத்தலானில் அது ‘வொஸ்தே’.

கட்டுரை தொடரும் என்று போட்டிருக்கிறீர்கள். அடுத்த பகுதியில், ‘அப்படி நடந்தால் நல்லது’ என்று ஏங்கிச் சொல்லும் ‘ஒஹாலா’வைச் சேர்க்கலாம். ‘இறைவன் நாடினால்’ என்ற அரபுத் தொடரிலிருந்து வந்தது அது.

இப்படிக்கு,
ஸ்பானிய மொழி கற்பிக்கும் வாசகி,
கோவை