டர்பன் தியேட்டர்களுக்கு வர வேண்டிய தமிழ்ப் படங்கள்: ஒரு திறந்த மடல்

தென்னாப்பிரிக்காவில் தமிழ்ப் படங்களை வாங்கி வெளியிடும் விநியோகஸ்தர்களுக்கும், டர்பன் தியேட்டர்களில் எந்தப் படத்துக்கு எத்தனை காட்சி என்று முடிவு செய்பவர்களுக்கும் வணக்கம்.

2024ஆம் ஆண்டில் வெளிவந்த தமிழ்ப் படங்களில் என் மனத்துக்கு மிகவும் பிடித்தவற்றைச் சொல்லி, அவற்றைக் கொண்டே உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்க இம்மடலை எழுதுகிறேன். பெரிய நடிகர்களின் படங்கள் இந்தியாவில் வெளியாகும் வாரத்திலேயே இங்கும் வந்துவிடுகின்றன. அதற்கு நன்றி சொல்லாமல் மேலே எழுதுவது முறையாகாது. ஆனால் ஆண்டு முடிந்த பிறகும் நான் நினைத்து நினைத்துப் பேசிக்கொண்டிருக்கும் படங்களில் பெரும்பாலானவற்றை வீட்டுத் தொலைக்காட்சியில்தான் பார்க்க நேர்ந்தது. டர்பனைச் சுற்றியுள்ள நேட்டால் பகுதித் தமிழர்களாகிய எங்கள் வாழ்க்கையை மிக நெருங்கி வந்த படங்களும் அவைதான்.

முதலிடம் 'மெய்யழகன்' படத்துக்கு. பிரேம்குமார் இயக்கி, அரவிந்த்சாமியும் கார்த்தியும் நடித்த இப்படம் செப்டம்பர் 27 அன்று வெளியானது. சொந்தக்காரர்களின் சொத்துத் தகராறில் வீட்டை இழந்து 1996இல் தஞ்சாவூரை விட்டு வெளியேறிய அருள்மொழி, இருபது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு, ஒரு திருமணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். அங்கே 'அத்தான், அத்தான்' என்று ஒருவர் அவரை விடாமல் கவனித்துக்கொள்கிறார். அவருடைய பெயர் அருள்மொழிக்கு நினைவில் இல்லை, கேட்கவும் நா எழவில்லை. அந்தக் கூச்சத்தை டர்பன் தமிழரைவிட நன்றாக அறிந்தவர்கள் குறைவு. ஒப்பந்தக் கூலியாக இங்கு வந்த முன்னோருக்குக் கப்பல் பதிவேட்டில் இருந்த எண்ணையும், கொள்ளுத்தாத்தாவின் அப்பா பெயரையும், ஊர், தாலுகாவையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு தமிழ்நாட்டுக்குப் போய், முன்பின் அறியாத ஒரு வீட்டின் திண்ணையில் உட்காரவைக்கப்பட்டு, யார் எவர் என்று புரியாமலே வயிறாரச் சாப்பிட்டுத் திரும்பியவர்கள் எங்களில் பலர் உண்டு. இந்தப் படம் நீளம் என்று சொல்லி, வெளியான சில நாட்களிலேயே சுமார் 18 நிமிடங்களைக் குறைத்துவிட்டார்கள். அவசரமில்லாத அந்த இரவுப் பேச்சில்தான் படத்தின் உயிரே இருக்கிறது என்பதால், இத்தகைய படத்தை வாங்கும்போது முழு வடிவத்தையே கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது, ஆகஸ்ட் 2 அன்று வந்த 'ஜமா'. பாரி இளவழகன் தானே எழுதி, இயக்கி, நடித்த முதல் படம், இசை இளையராஜா. திருவண்ணாமலைப் பக்கத்துத் தெருக்கூத்துக் குழு ஒன்றில் பெண் வேடம் கட்டும் கல்யாணம், நடையிலும் பேச்சிலும் அந்த வேடம் படிந்துபோனதால் ஊராரின் ஏளனத்துக்கு ஆளாகிறான். பெண் பார்க்கப் போன இடத்திலும் அவமானப்படுகிறான். அவனுக்குத் தனியாக ஒரு ஜமா, அதாவது கூத்துக் குழு, நடத்த வேண்டும், வாத்தியார் என்று பெயர் எடுக்க வேண்டும். இந்தப் படத்தை எங்கள் ஊரில் பெரிய திரையில் காட்டாமல் விடுவது எனக்குத் தாங்கவில்லை. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களோடு தெருக்கூத்தும் கடல் கடந்து வந்தது. இங்கே அதற்கு 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்றே பெயர். டர்பனின் கேட்டோ மேனரில் உள்ள அம்பலவாணர் ஆலயத்தில் ஈஸ்டர் சமயத்துப் பெரிய வெள்ளியன்று தீ மிதிக்கும் கூட்டத்துக்கு திரௌபதி யார் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. அரிதாரம் பூசி, புடவை கட்டி, கால் சலங்கையோடு ஓர் ஆண் திரௌபதியாக மாறும் காட்சியை அந்தக் கூட்டம் எப்படிப் பார்க்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

பா. இரஞ்சித்தின் 'தங்கலான்' பிற்பாதியில் தடம் மாறுகிறது என்பது என் கருத்து. ஆயினும், வட ஆற்காட்டில் நிலத்தை இழந்த குடும்பங்கள் வெள்ளைக்காரத் துரையின் பேச்சை நம்பிக் கோலார் தங்கத்தைத் தேடிப் புறப்படும் பகுதியை எங்களால் வெறும் கதையாகப் பார்க்க முடியாது. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் டர்பனில் ஆட்களை இறக்கிய நாள்முதல் 1911 வரை இங்கு வந்த தமிழர்களில் ஏராளமானோர் அதே வட ஆற்காட்டைச் சேர்ந்தவர்கள்.

ஆகஸ்ட் 23 அன்று இரண்டு படங்கள் ஒரே நாளில் வந்தன. மாரி செல்வராஜ் தன் சிறுவயதிலிருந்து எடுத்த 'வாழை'யில், பள்ளி விடுமுறை வந்தாலே ஒரு சிறுவனுக்கு நடுக்கம் வருகிறது. விடுமுறை என்றால் வாழைத்தார் சுமக்கப் போக வேண்டும். டொங்காட்டிலும் மவுண்ட் எட்ஜ்கோம்பிலும் கரும்பு வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி' முதலில் பெர்லின் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. அதில் பின்னணி இசை கிடையாது. மீனாவாக வரும் அன்னா பென் ஏறக்குறைய முழுப் படத்திலும் வாய் திறப்பதே இல்லை. குறுகலான சாலையை ஒரு மாடு மறித்து நிற்க, வீரம் பேசிய ஆண்கள் எல்லாரும் கை பிசைந்து நிற்கையில், ஒரு சின்னப் பெண் வந்து அதைச் சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போகிறாள். ஒரு தியேட்டர் முழுக்கச் சேர்ந்து சிரித்துப் பிறகு சேர்ந்து அமைதியாக வேண்டிய இடம் அது. நான் அதைத் தனியாகப் பார்த்தேன்.

கிரிக்கெட் படமான 'லப்பர் பந்து' பற்றி நீட்ட வேண்டாம். தெருவுக்குத் தெரு கிரிக்கெட் ஆடும் எங்கள் டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் அது ஓடாவிட்டால் வேறு எந்தப் படமும் ஓடாது.

இனி கோரிக்கைக்கு வருகிறேன். எங்களில் பெரும்பாலோர் பல தலைமுறைகளாக வீட்டில் ஆங்கிலமே பேசுகிறோம். சப்டைட்டில் எங்களுக்குச் சலுகை இல்லை, படத்தின் ஒரு பாகம். சென்ற ஆண்டு ஒரு தியேட்டரில் சப்டைட்டில் இல்லாமலே படத்தை ஓட்டினார்கள். பக்கத்து இருக்கையில் ஒரு சிறுமி, "ஆயா, என்ன சொல்றாங்க?" என்று மூன்று வரிக்கு ஒருமுறை கேட்க, அந்த அம்மா காதோடு காதாக ஆங்கிலத்தில் சொல்ல, முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பித் திரும்பி முறைத்தார்கள். இடைவேளைக்குப் பிறகு அவ்விரு இருக்கைகளும் காலியாக இருந்தன. டிக்கெட் விற்கும் இடத்திலேயே சப்டைட்டில் உண்டா இல்லையா என்று எழுதிவையுங்கள். இல்லாத பிரதியை வாங்கவே வாங்காதீர்கள்.

சிறிய படங்களுக்கு இரவு ஒன்பது மணிக் காட்சி மட்டும் கொடுத்துவிட்டு, கூட்டம் வரவில்லை என்று மூன்றாம் நாளே எடுத்துவிடுவதும் நியாயமில்லை. இந்தப் படங்களைத் தேடி வரக்கூடியவர்கள் இருட்டிய பிறகு வெளியே வரத் தயங்கும் பெரியவர்கள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் ஒரே ஒரு காட்சி, தொடர்ந்து இரண்டு வாரம் என்று கொடுத்துப் பாருங்கள். கோயிலிலும் கல்யாண வீட்டிலும் ஒருவர் சொல்லி ஒருவர் வர அவ்வளவு நாளாவது வேண்டும். ஜூனில் வெளியான 'மகாராஜா' நவம்பர் இறுதியில் சீனாவில் திரையிடப்பட்டு அங்கும் நன்றாக ஓடியது. நல்ல கதையாக இருந்தால் மாதங்கள் கழித்து வந்தாலும் பார்க்க ஆள் உண்டு என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. ஆகவே வெளியான வாரத்தைத் தவறவிட்ட படம் கைவிட்டுப் போன படம் என்று கணக்கு எழுதிவிடாதீர்கள்.

'ஜமா'வைத் தீமிதித் திருவிழாவுக்கு முந்தைய வாரத்திலும், 'மெய்யழகன்' முழு வடிவத்தை அதன் பிறகு ஏதேனும் ஒரு ஞாயிறன்றும் திரையிட நீங்கள் முன்வந்தால், கோயில் குழுக்களிலும் தமிழ் வகுப்புகளிலும் சொல்லி முன்கூட்டியே டிக்கெட் எடுக்க வைக்கும் வேலையை நானும் என் நண்பர்களும் ஏற்றுக்கொள்கிறோம். எத்தனை இருக்கை நிரம்பினால் உங்களுக்குக் கட்டுப்படியாகும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த்தில் வாழும் ஒரு தமிழ்ப்பட ரசிகர்