நிலாவெளிக் கிணறுகளில் உண்மையில் ஊறும் நீரைக் கணக்கிடக் கோரும் மனு (மூன்றாம் முறை)

நிலாவெளி,
திருகோணமலை.

நிலத்தடி நீர் விடயத்துக்குப் பொறுப்பான அதிகாரி அவர்கட்கு,

மதிப்புக்குரிய ஐயா,

கரையோரத்தில் புதிய குழாய்க் கிணறுகளுக்கு அனுமதி வழங்குமுன் மீள்நிரம்பலை (மழைநீர் மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீரோடு சேர்வதை) கணக்கிடல்

மார்ச் மாதமும் மே மாதமும் நாம் கையளித்த மனுக்களுக்குப் பதில் வரவில்லை. வீதிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள மணல் திடலையும், அதிலுள்ள வெங்காயத் தோட்டங்களையும், அவற்றை ஒட்டி எழும்பிய ஹோட்டல்களையும் தாங்கள் நேரிற் பார்த்தவர். ஆகவே இடத்தை விவரிக்காமல் விடயத்துக்கு வருகிறோம்.

நேரில் வந்து விசாரித்தபோது எமக்கு வாய்மொழியாகச் சொல்லப்பட்டது இது: வருடத்துக்கு 1500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது, அதில் ஒரு பங்கு நிலத்துக்குள் போகிறது, ஆகவே தண்ணீர் தாராளம்.

1. அந்த ஒரு பங்கு எப்படி வந்தது என்று தயவுசெய்து அறியத் தரவும். இங்கே மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரைதான். மாரியின் முதல் மழை காய்ந்த மணலை நனைக்கவே சரியாகிவிடும்; மண் தன்னால் பிடித்துவைக்கக்கூடிய ஈரத்தைப் பிடித்த பிறகே மிச்சம் கீழே இறங்கும். ஓர் இரவில் கொட்டும் 100 மில்லிமீற்றரில் பெரும்பகுதி வேர்களைத் தாண்டி இறங்கிவிடும். அதே 100 மில்லிமீற்றர் இருபத்தைந்து நாள் நான்கு நான்காகத் தூறினால் வெயிலும் வெங்காயத்தாளும் குடித்துவிடும். ஆண்டுக் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். கிணற்றுக்கு அப்படியல்ல.

2. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசும் வறண்ட கச்சான் காற்று. மண்ணிலிருந்து ஆவியாவதும் இலைவழியே போவதும் சேர்ந்து, பெய்யும் மழையை விஞ்சிவிடுகின்றன. தென்னையும் பனையும் ஆழம் குறைந்த நிலத்தடி நீரையே நேராக உறிஞ்சுகின்றன. இதை அளக்க முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. பென்மன் என்ற விஞ்ஞானி 1948 இல் வானிலைத் தரவுகளைக் கொண்டு ஆவியாதலைக் கணக்கிட வழி சொல்லிவிட்டார். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு அதைச் சீர்செய்து 1998 இல் 56 ஆம் இலக்க வழிகாட்டியாக வெளியிட்டது. அதற்கு வேண்டிய வெப்பம், ஈரப்பதம், காற்று, வெயில் ஆகியவற்றைக் குறிக்கத் திருகோணமலையிலேயே வானிலை நிலையம் இருக்கிறது. மண்ணுக்குள் நீர் இறங்குவதற்கு ரிச்சர்ட்ஸின் 1931 ஆம் ஆண்டுச் சமன்பாடு இருக்கிறது. அதைத் தீர்க்கும் ஹைட்ரஸ்-1டி என்ற மென்பொருள் இலவசம். ஒரு கணினியும் ஓர் உத்தியோகத்தரும் போதும்.

3. தண்ணீர் சவர்த்துவிட்டது, ஐயா. ஜூலை பிறந்தால் எமது கிணற்றுத் தண்ணீரில் பால் தேத்தண்ணீர் போட முடியாது, பால் திரைந்துவிடும். பருப்பு ஒரு மணித்தியாலம் கொதித்தும் கல்லுப் போலக் கிடக்கும். சவர்க்காரம் நுரைக்காது, பள்ளிக்கூடச் சட்டை காய்ந்தபின் மடித்தால் மடிப்பில் வெள்ளை படிகிறது. வெங்காயத்தாளின் நுனி நெருப்புப் பட்டதுபோல் கருகிவிட்டது. பவுசர் வருகிறது என்பார்கள். அந்தத் தண்ணீர் வண்டி வந்தால் கிழமைக்கு ஒரு முறை, வரிசையில் நிற்கும் பெண்களுக்கு முன்னால் குழாய் காய்ந்துவிடும். 2004 சுனாமியில் உப்பேறிய கிணறுகளை மாரி மழைதான் கழுவித் தந்தது. இப்போது அந்த மழை தருவதையும் ஹோட்டல்காரர் ஆழத்திலிருந்து இழுத்து நீச்சல் தடாகம் நிரப்புகிறார்கள். மணலுக்கடியில் நன்னீர் உப்புநீரின்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நிற்கும் நன்னீர் ஓர் அடி தாழ்ந்து அப்படியே நின்றால் கீழுள்ள உப்புநீர் ஏறத்தாழ 40 அடி ஏறும் என்பது நூறு வருடத்துக்கு முந்திய பாடம். நான் அதைப் பாடசாலையில் படிப்பித்தவன். அதே பாடத்தை மூன்று மனுக்களில் எழுதிவிட்டேன். இன்னும் எத்தனை தடவை எழுத வேண்டும்?

4. நாம் கேட்பவை இவைதான்: மழைமானி ஒன்று. வெங்காயத் தோட்டத்திலும் தென்னந்தோப்பிலும் மூன்று ஆழங்களில் மண் ஈரம் அளக்கும் கருவிகள். கிழமைக்கொரு தடவை கிணற்று மட்டமும் உவர்த்தன்மையும். இவற்றைக் கொண்டு, நிலத்தடிக்கு எவ்வளவு நீர் இறங்குகிறது என்று நாளுக்கு நாள் கணக்கு.

5. அந்தக் கணக்கு வரும்வரை ஒரு புதிய குழாய்க் கிணற்றுக்கும் அனுமதி வேண்டாம். ஒன்றுக்குக்கூட.

தங்கள் வேலைப்பளுவை அறிவோம், மனம் நோக எழுதியிருந்தால் பொறுத்தருள்க. ஆனால் ஒக்டோபர் மழைக்கு இன்னும் ஆறு கிழமைகளே உள்ளன. கருவிகளை அதற்குள் நடாவிட்டால் இந்த மாரியும் அளக்கப்படாமல் போய்விடும். மழைக்கு முன் ஒருவரை அனுப்பிவையுங்கள், ஐயா. மண்வெட்டியும் ஆளும் நாம் தருகிறோம். தயவுசெய்து மழைக்கு முன்.

இப்படிக்கு,
கிணற்றுக்காரர்கள் சார்பில்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்

இணைப்பு: மழையும் கிணற்று மட்டமும் எழுதிய குறிப்பேட்டின் பிரதி. முந்தைய இரண்டு பிரதிகளும் தங்கள் அலுவலகத்தில் இருக்க வேண்டும்.