ஜெர்மனிக் கட்டுரையில் விடுபட்ட 12 லட்சம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கல்வி இணைப்பில் ஜெர்மனியில் முதுகலை படிப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது என்று எழுதியிருந்தது பெரும்பாலும் சரி. ஆனால் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் நம் பிள்ளைகளிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024இல் வசூலிக்கத் தொடங்கிவிட்டது. இதை ஒரு வரியில் சேர்த்திருக்கலாம். அது கிடக்கட்டும். அந்தப் படிப்புக்கு ஒரு குடும்பம் முதலில் புரட்ட வேண்டிய பெருந்தொகையைப் பற்றிக் கட்டுரை முழுக்க ஒரு பேச்சும் இல்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

என் மகள் 2024 அக்டோபரில் மாக்டெபர்க் நகருக்கு எந்திரவியல் முதுகலை படிக்கப் போனாள். (இயற்பியல் ஆசிரியராக இருந்தவன் என்பதால் அந்த ஊர்ப் பெயர் எனக்குப் பழக்கம். காற்றழுத்தத்தைக் காட்ட இரண்டு அரைக்கோளங்களைச் சேர்த்து, உள்ளிருந்த காற்றை எடுத்துவிட்டு, குதிரைகளைப் பூட்டி இழுக்கவிட்ட ஓட்டோ வான் கெரிக்கே அந்த ஊர் மேயராக இருந்தவர். பல்கலைக்கழகத்துக்கே அவர் பெயர்தான்.) விசாவுக்கு முன் அவள் பெயரில் முடக்கப்பட்ட கணக்கு ஒன்று தொடங்கி, ஓர் ஆண்டுச் செலவை மொத்தமாகக் கட்டச் சொன்னார்கள். அப்போது 11,208 யூரோ, நம் பணத்தில் சுமார் 10 லட்சம். 2024 செப்டம்பரிலிருந்து அது 11,904 யூரோ. இப்போதைய மதிப்பில் 12 லட்சத்தைத் தொடுகிறது.

பணம் நம்முடையதுதான், யாருக்கும் போய்விடாது. ஆனால் மாதம் 992 யூரோவுக்கு மேல் எடுக்க முடியாது. அந்த முதல் மாதத் தொகையும் அங்கே போய்ச் சேர்ந்து, வங்கிக் கணக்கு தொடங்கிய பிறகுதான் கைக்கு வரும். அதற்குள் வீட்டு முன்பணம், முதல் வாடகை, பல்கலைக்கழகத்தின் பருவப் பங்களிப்பு எல்லாம் கட்டியாக வேண்டும். ஆகவே விமான டிக்கெட் போக இன்னும் ஒன்றிரண்டு லட்சம் தனியாக வேண்டும். இதைத் தெரியாமல் போகிற பிள்ளைகள் முதல் மாதம் நண்பர்களிடம் கைநீட்டி நிற்கிறார்கள்.

கல்விக் கடன் கேட்டு இங்கே ஒரு வங்கிக்குப் போனோம். அதிகாரி சேர்க்கைக் கடிதத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "கல்விக் கட்டணம் என்கிற இடத்தில் பூஜ்யம் போட்டிருக்கிறதே, எதற்கு சார் கடன்?" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை, படிவம் அப்படி. வாழ்க்கைச் செலவுக்கான தொகை, அதை ஜெர்மன் அரசே கேட்கிறது என்று தூதரக இணையதளப் பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்த பிறகுதான் நகர்ந்தது. ஏழரை லட்சத்தைத் தாண்டினால் சொத்து அடமானம் வேறு. அந்த அச்சுப் பிரதியை முதல் நாளே கையில் எடுத்துப் போங்கள் என்பதுதான் மற்ற பெற்றோருக்கு நான் சொல்வது.

அடுத்தது, வெளிநாட்டுப் படிப்புக்கு இடம் பிடித்துத் தரும் முகவர்கள். நாங்கள் முதலில் போன நிறுவனத்தில், அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு என்று சொல்லி, பெர்லினில் ஒரு தனியார் கல்லூரியைக் காட்டினார்கள். ஆண்டுக்கு ஏறக்குறைய 10,000 யூரோ கட்டணம். கட்டணமே வாங்காத அரசுப் பல்கலைக்கழகம் முகவருக்குத் தரகு எங்கிருந்து கொடுக்கும்? தனியார் கல்லூரி கொடுக்கும். ஆலோசனை எந்தப் பக்கம் சாயும் என்று புரிந்துகொள்ள இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. 'ஜெர்மனியில் படிப்பு' என்ற ஒரே பலகையின் கீழ் இரண்டையும் விற்கிறார்கள்.

இடம் கிடைக்குமா என்பதை வீட்டிலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஜெர்மன் மதிப்பெண் முறையில் 1.0தான் உச்சம், 4.0 தேர்ச்சியின் கடைசிப் படி. அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து நாம் எடுத்ததைக் கழியுங்கள். அதை, அதிகபட்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். அதிகபட்சம் 10, தேர்ச்சி 5 என்று கொண்டால், 8.0 வாங்கிய மாணவருக்கு 2.2 வரும், 7.5 வாங்கியவருக்கு 2.5. பல படிப்புகள் 2.5 வரை ஏற்கின்றன. அப்புறம் பல்கலைக்கழகங்களை டாட் (DAAD) என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் இணையதளத்தில் தேடலாம், பலவற்றுக்கு யூனி-அசிஸ்ட் என்ற பொது விண்ணப்பச் சேவை வழியாக நாமே விண்ணப்பிக்கலாம். முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்தடுத்தவற்றுக்கு 30. என் மகள் அப்படித்தான் செய்தாள்.

தேதியில் மட்டும் கவனம் வேண்டும். குளிர்காலப் பருவத்துக்கு ஜூலை 15 கடைசி நாள் என்று போட்டிருக்கும். அதை நம்பி ஜூலையில் விண்ணப்பித்தால் அக்டோபர் வகுப்புக்கு விசா வருவது சந்தேகம்தான். 2022 நவம்பரிலிருந்து, நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் (APS) சான்றிதழ் இல்லாமல் மாணவர் விசாவுக்குப் போகவும் முடியாது, அதற்கே சில வாரங்கள் பிடிக்கும். சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே மாணவர் விடுதிக்கும் விண்ணப்பித்துவிட வேண்டும். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய, வீடு கொடுத்தவரின் கடிதம் கேட்பார்கள். நண்பர் அறையில் ஒண்டிக்கொண்டிருப்பவருக்கு அந்தக் கடிதம் கிடைப்பது கடினம்.

கட்டுரையில் பகுதிநேர வேலையைப் பெரிதாகச் சொல்லியிருந்தீர்கள். ஆண்டுக்கு 140 முழு நாட்கள் வேலை பார்க்கச் சட்டம் இடம் தருகிறது, உண்மை. தேர்வைப் பற்றியும் சொல்லியிருக்க வேண்டும். நம் ஊரில் அரியர் வைத்துப் பிறகு எழுதிப் பழகிய பிள்ளைகளுக்கு இது புதிது: பெரும்பாலான இடங்களில் ஒரு கட்டாயப் பாடத்தை மூன்று முறைதான் எழுதலாம். மூன்றாவதிலும் போனால் பெயரை நீக்கிவிடுவார்கள், அதே படிப்பை ஜெர்மனியில் வேறு எங்கும் தொடரவும் முடியாது. மகளோடு படித்த ஒரு பையன் இரவில் கிடங்கில் பொட்டலம் பிரித்துவிட்டுக் காலையில் வகுப்பில் தூங்குவானாம். இப்போது ஒரு பாடத்தில் கடைசி வாய்ப்பில் நிற்கிறான். அவன் வீட்டில் வாங்கிய கடனுக்கு மாதத் தவணை ஓடிக்கொண்டிருக்கிறது.

பிள்ளைகள் போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. என் மகள் நன்றாகப் படிக்கிறாள், ஜெர்மன் மொழியில் பி1 என்ற இடைநிலையை முடித்துவிட்டாள், படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாத அனுமதியும் உண்டு. அடுத்த முறை கல்லூரிப் பட்டியல் வெளியிடும்போது அரசு, தனியார் என்று பிரித்துப் போடுங்கள், முடக்கப்பட்ட கணக்கின் தொகையை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம், அந்தக் கட்டுரைக்கு ஒட்டியே அரைப் பக்கத்துக்கு ஒரு முகவர் விளம்பரம் வந்திருந்தது. விளம்பரம் இல்லாமல் பத்திரிகை நடத்த முடியாது என்று எனக்கும் தெரியும். குறைந்தபட்சம் அதை வேறு பக்கத்துக்காவது தள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர்,
மன்னார்குடி