செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, வருகை தந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். வராதவர்களுக்கும் இது வாட்ஸ்அப்பில் போகும். வாசித்த பிறகு கதைக்கட்டும்.

நிர்வாகக் கூட்டங்கள் நடந்தன. சில, போதிய உறுப்பினர்கள் வராததால் கலைந்தன. பொங்கலும் வாணி விழாவும் வழமைபோல் நடைபெற்றன. வாசிகசாலைக்குக் கூரைத் தகரம் மாற்றினோம். நவம்பர் இறுதியில் டித்வா புயல் வெள்ளத்தின்போது சமைத்த உணவு கொடுத்தோம்.

இனி, சந்தியில் 'செயலாளரின் கரிப்பைத்தியம்' என்று சிரிக்கப்படும் வேலை, அதாவது கடற்பாசியைச் சுட்டுக் கரியாக்கிக் கெட்டுப்போன மண்ணில் இடும் வேலை பற்றி.

முல்லைத்தீவு நந்திக்கடல் களப்பின் ஓரத்தில் வெட்டைவெளியாகக் கிடக்கும் நமது தரவைக் காணியை எல்லோரும் அறிவீர்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறி உப்பை விட்டுப் போனது. 2009இல் போர் முடிந்த பிறகு எரிந்த வாகனங்களும் இரும்பும் அங்கே குவிந்தன. பழைய இரும்பு வாங்க வந்த ஒருவர் பற்றரிகளை அந்த மண்ணிலேயே உடைத்து அமிலத்தை ஊற்றிவிட்டுப் போனார். பற்றரியிலுள்ள ஈயம் உக்கிப் போகிற சாமான் இல்லை. சங்கக் காணியில் கீரை போட்டு நமது பிள்ளைகளுக்கே கொடுப்பதா என்பதுதான் என் கேள்வி.

வாடைக் காலத்தில் கரையொதுங்கும் பாசியை மட்டுமே அள்ளினோம். கடலில் நிற்பதைப் பிடுங்கினால் மீன்குஞ்சுகளுக்கு இடமில்லாமல் போகும். தொழிலுக்குப் போகிறவர்கள் அதற்குச் சம்மதிக்கவும் மாட்டார்கள். அள்ளியதை நன்னீரில் அலசிப் பழைய வலையில் காயப்போட்டோம். முதல் தடவை அலசிய பிறகும் காய்ந்த இலையில் வெள்ளையாய் உப்புப் பூத்தது. திரும்பவும் அலச வேண்டியிருந்தது. பிறகு மூடிய தகரப் பீப்பாய்க்குள், அதாவது பரலுக்குள், அடைத்து வெளியே விறகெரித்தோம். காற்றுப் படாமல் 400, 500 பாகை செல்சியசில் வேகும்போது அது சாம்பலாகாமல் கரியாகிறது. விரலால் நசுக்கினால் நொறுங்கி மினுங்கும். சாணி எருவில் கலந்து ஊறவைத்துத்தான் பாத்தியில் இட்டோம்.

பாசிக்கரி காரத்தன்மை கொண்டது. அதிலுள்ள காபனேற்றும் பொசுபேற்றும் ஈயத்தைக் கரையாத உப்பாக்கிப் பிடித்து வைக்கும். ஈயம் மண்ணிலேயே இருக்கும். வேருக்குப் போவதுதான் குறையும். உவர் இதனால் போகாது. அதற்கு வரம்பு கட்டி மாரி மழையைத் தேக்கி வடியவிட வேண்டும். சோடியம் கூடிய இடத்துக்கு ஜிப்சமும் தேவை. கரி போட்ட பாத்தியில் கத்தரி பக்கத்துப் பாத்தியைவிடத் தளிர்த்து நிற்கிறது. ஆனாலும் மண்ணும் காயும் பரிசோதிக்கப்படும் வரை ஒருவரும் பறிக்கக் கூடாது. பாசியிலேயே ஆசனிக் என்ற நஞ்சு இருக்கக்கூடும் என்பதால் கரியையும் பரிசோதிக்க வேண்டும்.

பாசி அலசிய நாட்களில் வந்தவர்கள் மாதர் சங்கத்தினர் மட்டுமே. கரி இறக்கிய அன்று சாக்கோடு வந்தவர்களை எண்ண முடியவில்லை. நாறுகிறது என்று முறைப்பாடும் வந்தது. கருவாடு காயும் ஊரில் பாசி மட்டும் நாறுகிறதாம்!

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு உண்டு, பெரிதாகச் சொல்வதற்கில்லை. பரலுக்கும் விறகுக்கும் போன காசுக்குப் பற்றுச்சீட்டுகள் என்னிடம் உள்ளன. கேட்டவர்களுக்குக் காட்டியும் விட்டேன். மாதச் சந்தாவை 2023இலிருந்து கட்டாதவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். தலைவர் வேண்டாமென்றதால் பெயர்களை வாசிக்கவில்லை. பட்டியல் வாசிகசாலை அலுமாரியில் இருக்கிறது. அலுமாரிக்குப் பூட்டு இல்லை.

கிராம அலுவலருக்கும், உழவு இயந்திரம் தந்தவருக்கும், மாதர் சங்கத்தினருக்கும், நிர்வாக சபையினருக்கும் நன்றி.

வரும் ஆண்டுக்கு ஆய்வுகூடக் கட்டணமும் கரி சுட ஒரு கொட்டிலும் வேண்டும். சந்தா ஒழுங்காக வந்தாலே பாதி ஒப்பேறும். மீதிக்கு வெளிநாட்டில் இருக்கும் நமது பிள்ளைகள் மனம் வைக்கலாம். செயலாளர் பதவிக்கு வேறு எவரும் முன்வந்தால் சாவியையும் பரலையும் இன்றே ஒப்படைப்பேன். ஒருவரும் முன்வராவிட்டால் வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கரையில் பாசி அள்ளுகிறோம். மண்வெட்டி வேண்டாம், சாக்கு மட்டும் கொண்டு வாருங்கள்.

செயலாளர்