இன்னும் 93 பேர் மேலே இருக்கிறார்கள்: டாக்கா பனியாற்றில் தேடுதலுக்கு ஆணையிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

அக்டோபர் 2024

மதிப்பிற்குரிய உயர் அதிகாரிகளுக்கு,

வணக்கம். 1968 பிப்ரவரி 7 அன்று இமாச்சலப் பிரதேசத்தின் ரோத்தாங் கணவாய்ப் பகுதியில் என்ன நடந்தது என்பதை நான் உங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சண்டிகரிலிருந்து லடாக்கின் லேவுக்கு 102 பேருடன் போய், வானிலை மோசமானதால் திரும்பும் வழியில் காணாமல்போன விமானப்படையின் ஏஎன்-12 விமானத்தின் கோப்பு உங்கள் அலமாரியில்தான் இருக்கிறது. சென்ற மாத இறுதியில், அதே மாநிலத்து லாஹௌலின் டாக்கா பனியாற்றிலிருந்து மேலும் நான்கு உடல்களைக் கீழே கொண்டுவந்தீர்கள். இம்மாதத் தொடக்கத்தில் கேரளத்தின் இலந்தூரில் அந்த நால்வரில் ஒருவரான தாமஸ் செரியானுக்கு நடந்த இராணுவ மரியாதையைத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் எழுந்து நின்று பார்த்தேன். நாலடி வைத்தாலே மூச்சு வாங்கும் அந்த உயரத்தில் தேடிய இராணுவத்தின் டோக்ரா ஸ்கவுட்ஸ் பிரிவு வீரர்களுக்கும் திரங்கா மலை மீட்புக் குழுவினருக்கும் முதலில் என் வணக்கமும் நன்றியும்.

நன்றியை அடுத்து ஒரு வேண்டுகோள். 56 ஆண்டுகளில் கீழே வந்து சேர்ந்தவர்கள் 9 பேர். எஞ்சிய 93 பேருக்காக, ஆகஸ்ட் கடைசியிலிருந்து புதுப்பனி விழும்வரை, ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் தேடுதல் நடக்கும் என்று எழுத்துமூலம் அறிவியுங்கள்.

அந்த 102 பேரில் எனக்கு உறவினர் யாரும் இல்லை. ஆனால் 1982-ல் அதே தடத்தில் அதே வகை விமானத்தில், பக்கவாட்டுக் கித்தான் இருக்கையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து லேவுக்குப் போனவன் நான். கிளம்புவதற்கு முன் எங்கள் பே புக்கை, அதாவது சிப்பாயின் சம்பளப் புத்தகத்தை, சரிபார்த்தார்கள். அதில் 'நெக்ஸ்ட் ஆஃப் கின்' என்று ஓர் இடம் உண்டு. உனக்கு ஏதாவது ஆனால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று ஹவில்தார் கிளார்க் கேட்டார். மங்கையர்க்கரசி என்ற என் அம்மாவின் பெயர் அவர் நாக்கில் புரளவில்லை. இரண்டு முறை அடித்து, மூன்றாம் முறை எழுதினார். இருபத்திரண்டு வயதில் அது எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. இன்று யோசித்தால், சம்பளத்தையும் சீருடையையும்விட அரசாங்கம் எனக்குக் கொடுத்த பெரிய வாக்குறுதி அந்த ஒரு வரிதான் என்று தோன்றுகிறது. தாமஸ் செரியானிடமும் யாரோ ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார். அப்போது அவருக்கும் ஏறக்குறைய அதே வயதுதான்.

பனி அந்த வாக்குறுதியை எப்படிக் காப்பாற்றி வைத்திருக்கிறது என்று பாருங்கள். 2003-ல் மலையேற்றக்காரர்கள் கண்டெடுத்த முதல் உடல் சிப்பாய் பேலி ராமுடையது என்று சொன்னது, கூடவே கிடைத்த அடையாள அட்டை. சென்ற மாதமும் உடலோடு இருந்த காகிதங்கள்தாம் பெயர் சொல்ல உதவின. உறைந்திருக்கும்வரை காகிதத்துக்கும் கம்பளிக்கும் பனியைப்போல் காவல் வேறில்லை. வெளியே வந்துவிட்டாலோ நிலைமை தலைகீழ். பகலில் வெயில், இரவில் உறைபனி, அடுத்த நாள் உருகுநீர் என்று மாறி மாறி அடித்தால், ஐம்பத்தாறு ஆண்டுகள் தாங்கிய எழுத்து ஒன்றிரண்டு கோடையில் கூழாகிவிடும்.

பனியாறும் ஆறுதான், மெல்ல நகர்கிற ஆறு. மேலே விழுந்ததைப் பனி மூடி உள்ளே இழுத்து, பல ஆண்டுகள் சுமந்துபோய், கீழே உருகும் இடத்தில் வெளியே தள்ளுகிறது. எந்த ஆண்டு எதைத் தள்ளும் என்று யாராலும் நாள் குறிக்க முடியாது. ஆகவேதான் ஆண்டுதோறும் போகச் சொல்கிறேன்.

நாம் எப்படிப் போயிருக்கிறோம்? பொதுவெளியில் தெரிந்தவரை டோக்ரா ஸ்கவுட்ஸ் 2005, 2006, 2013, 2019 ஆகிய ஆண்டுகளில் முன்னின்று தேடியது. 2019-ல் இயந்திரம், சுழலி, விமானி அறைக் கதவு என்று விமானத்தின் பாகங்கள் நிறையக் கிடைத்தன. அதற்கு முந்தைய ஆண்டு, 2018-ல், ஓர் உடல் யார் கண்ணில் பட்டது தெரியுமா? சந்திரபாகா-13 சிகரப் பகுதியில் மலையேறிகள் விட்டுப்போன குப்பையை அள்ளப் போன குழுவின் கண்ணில். 2003-ல் மலையேறப் போனவர்கள், 2018-ல் துப்புரவுக்குப் போனவர்கள். நாட்டுக்காகப் போனவர்களைக் கண்டுபிடிக்கும் பொறுப்பைத் தற்செயலிடம் ஒப்படைத்துவிட்டோமோ என்று ஒரு முன்னாள் சிப்பாய் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

நார்வேயில் திகெர்வார்டன் என்ற பனித்திட்டில் 2014-ல் தொல்லியலாளர்களுக்கு 1300 ஆண்டுகள் பழைய பனிச்சறுக்குக் கட்டை ஒன்று கிடைத்தது. ஒற்றைக் கட்டையோடு எவனும் சறுக்கியிருக்க மாட்டான், இணையும் அங்கேதான் இருக்கும் என்று அந்த இடத்தைக் கண்காணித்துவந்தார்கள். 2021-ல், ஐந்தே மீட்டர் தள்ளி, மற்றது கிடைத்தது. யாரும் அழக் காத்திருக்காத ஒரு மரக்கட்டைக்காக ஏழு ஆண்டுப் பொறுமை! 1966-ல் மோன் பிளாங்க் மலையில் விழுந்த, அணு விஞ்ஞானி ஹோமி பாபா பயணம் செய்த நம் ஏர் இந்தியா விமானத்தின் நாளிதழ்கள் 2020-ல் அம்மலையின் பொசோன் பனியாற்றில் வெளிப்பட்டபோது, இந்திரா காந்தி பிரதமராகும் செய்தி தாங்கிய அந்த ஈரத்தாள்களை எடுத்துப் பதமாக உலர வைத்தவர் அப்பகுதி உணவகக்காரர் ஒருவர். அவருக்கு யாரும் ஆணையிடவில்லை.

இதே வேண்டுகோளை முன்பு ஓர் அலுவலகத்துக்கு இரண்டு முறை எழுதினேன். முதல் கடிதத்துக்கு, அது உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளதாகப் பதில் வந்தது. இரண்டாவதற்கு, முதல் கடிதத்தின் நகலை இணைக்கவில்லை என்று பதில் வந்தது. பனியாறே மேல் என்று நினைத்துக்கொண்டேன். அது தாமதமாகவாவது நகர்கிறது, உள்ளே போனதை என்றாவது வெளியே அனுப்புகிறது. கடுமையாகப் பேசுவது என் நோக்கமல்ல, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாமதத்தின் விலை உங்கள் கண்முன்னே இருக்கிறது. சென்ற மாதம் கிடைத்த நால்வரில் இன்னொருவரான, உத்தரப் பிரதேசத்தின் சகாரன்பூர் மாவட்டத்து மல்கான் சிங்கின் உடல் ஊர் வந்து சேர்ந்தபோது அவருடைய மனைவியும் இல்லை, மகனும் இல்லை; பேரன் கொள்ளி வைத்தார். கணவன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல், நெற்றிக் குங்குமத்தை வைப்பதா அழிப்பதா என்று புரியாமல் இப்படி எத்தனை பேர் இருந்து போனார்கள் என்பதற்கு எந்தக் கோப்பிலும் பத்தி கிடையாது. 1968-ல் இருபது வயது மனைவிக்கு இன்று எழுபத்தாறு. தம்பி தங்கைகளுக்கும் எழுபதைச் சுற்றித்தான் இருக்கும். பே புக்கில் எழுதிய பெயருக்கு உரியவர்களில் சிலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களால் பனியாற்றின் வேகத்தில் காத்திருக்க முடியாது.

அந்த மலையின் ஆபத்தை நான் அறியாதவனல்ல. பனிப்பிளவுகள் உண்டு, வானிலை ஒரு மணி நேரத்தில் மாறும். இறந்தவர்களுக்காக இன்னோர் இளைஞனின் உயிரைப் பணயம் வைக்கச் சொல்லவில்லை. வானிலை இடம் கொடுக்கும் நாட்களில் மட்டும், பழகிய ஒரு சிறு குழு, ஒவ்வோர் ஆண்டும் போகட்டும். பனியில் கிடைத்த பொருளைக் கையாளத் தெரிந்த ஒருவரையும் உடன் அனுப்புங்கள். 1991-ல் ஆல்ப்ஸ் மலையில் கிடைத்த 5300 ஆண்டுகள் பழைய மனித உடலுக்கு இடுப்பில் காயம் ஏற்பட்டது பனியால் அல்ல, அதை எடுக்கப் போனவர்களின் துளைக்கருவியால். மேலும், 93 பேரின் இரத்த உறவினர்களிடம் மரபணு மாதிரி ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தால் அதைத் தெரிவியுங்கள். இல்லையென்றால் இந்தக் குளிர்காலத்திலேயே எடுத்துவிடுங்கள். அடுத்து வெளிவரும் உடலில் காகிதம் எதுவும் இல்லாமல் போகலாம்.

சந்திரபாகா மலைகளில் இந்நேரம் புதுப்பனி விழத் தொடங்கியிருக்கும். அடுத்த ஆகஸ்டுக்குப் பத்து மாதங்கள் உள்ளன. ஓர் ஆணை பிறப்பிக்க அவ்வளவு காலம் போதும் என்று நம்பி, ஆண்டுதோறும் தேடுதல் என்ற அறிவிப்பைப் பணிவுடன் மீண்டும் வேண்டுகிறேன். நகல் எதுவும் இணைக்கப்படவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நாயக் ஒருவன்